"காட்டு ஹாலிஹாக்" என்று வந்த விதை: பூத்திருக்கும் செடி எந்தச் சிற்றினம்?

தளிர்மேடை:

அனைவருக்கும் வணக்கம். விதைப் பரிமாற்றம் ஒன்றில் "காட்டு ஹாலிஹாக்" என்று மட்டும் எழுதிய சிறு பொட்டலம் கிடைத்தது (ஹாலிஹாக் என்பது செம்பருத்தியின் உறவான, உயரமாக வளரும் பூச்செடி). சிற்றினப் பெயரோ, விதை எந்த நிலத்தில் சேகரிக்கப்பட்டது என்ற குறிப்போ அதில் இல்லை. முதல் ஆண்டு முழுவதும் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகவே இருந்த செடிகள், இரண்டாம் ஆண்டில் தண்டு நீட்டி, ஆளுயரத்தைத் தாண்டிப் பூத்திருக்கின்றன. பூ வெளிறிய இளஞ்சிவப்பு. அடிப்பகுதியில் மஞ்சள் சாயல் உண்டு. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விலகி நிற்கின்றன, ஒவ்வோர் இதழின் நுனியிலும் ஆழமான வெட்டு இருக்கிறது. இலைகள் வட்டமானவை, விளிம்பில் மேலோட்டமான மடல்கள் கொண்டவை, தொட்டால் சொரசொரப்பானவை.

கைபேசிச் செயலியில் படம் எடுத்துப் பார்த்தால் ஒருமுறை தோட்ட ஹாலிஹாக் என்கிறது, மறுமுறை அதன் உறவுச் செடியான மார்ஷ்மாலோ என்கிறது. இதைச் சரியாக இனங்காண்பதற்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நுண்ணாடி:

செயலியை ஒதுக்கிவிட்டு, பூவைக் கவிழ்த்துப் பாருங்கள். பருத்தி, வெண்டை, செம்பருத்தி, துத்தி எல்லாம் அடங்கிய மால்வேசி குடும்பத்தில் இனங்காணும் வேலை பெரும்பாலும் பூவின் அடிப்பக்கத்தில்தான் நடக்கிறது. செம்பருத்தியில் பச்சைப் புல்லிவட்டத்துக்கு வெளியே குறுகிய இலைத்துண்டுகளாக இன்னொரு வட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் புறப்புல்லி. துத்தியில் அது கிடையாது. மால்வா பேரினத்தில் வழக்கமாக ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று துண்டுகளாக இருக்கும். லாவடெரா என்ற பெயரில் விற்கப்படும் செடிகளில் மூன்று துண்டுகளும் அடியில் இணைந்திருக்கும். ஹாலிஹாக் அடங்கிய அல்சியா பேரினத்திலும், மார்ஷ்மாலோ அடங்கிய அல்தியா பேரினத்திலும் துண்டுகள் ஆறு அல்லது அதற்கு மேல். அவையும் அடியில் இணைந்தவை. ஆகவே உங்கள் செடியின் புறப்புல்லித் துண்டுகளை எண்ணினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி அல்சியாவா, அல்தியாவா என்பது. இந்த இரண்டையும் பிரிக்கும் கோடு நீண்ட காலம் இழுபறியாகவே இருந்தது. லின்னேயஸ் 1753இல் இரண்டையும் தனித்தனிப் பேரினங்களாக வைத்தார். பின்னால் வந்தவர்களில் பலர் ஒன்றாகச் சேர்த்தார்கள். பழைய தோட்டக்கலை நூல்களில் ஹாலிஹாக்குக்கு அல்தியா ரோசியா என்ற பெயர் இருப்பதற்கு அதுவே காரணம். இப்போது மறுபடியும் பிரித்தே வைக்கிறார்கள், அதற்கான பண்புகளும் உறுதியானவை. அல்சியாவின் இதழ் பொதுவாக 3 செ.மீ.க்கு மேல் நீளம், அல்தியாவில் அதற்குக் குறைவு. பூவின் நடுவில் நிற்கும் மகரந்தக் குழல் அல்சியாவில் ஐந்து விளிம்புகள் கொண்டது, மயிரற்றது. அல்தியாவில் உருண்டையானது, மயிருள்ளது. மகரந்தப்பைகள் அல்சியாவில் மஞ்சள், அல்தியாவில் பெரும்பாலும் ஊதா கலந்த பழுப்பு. இவற்றையெல்லாம் விடத் தெளிவானது கனி; அதற்கு நீங்கள் இன்னும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும். புறப்புல்லி புல்லிவட்டத்தின் நீளத்தில் எவ்வளவு வருகிறது, தண்டில் எந்த வகை மயிர் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறித்து வாருங்கள்.

ஆற்றங்கரை:

இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வெளிறிய இளஞ்சிவப்பு, அடியில் மஞ்சள், விலகி நிற்கும் இதழ்கள், நுனியில் ஆழமான வெட்டு என்று தளிர்மேடை அவர்கள் எழுதியதைப் படித்தவுடனே இது அல்சியா பாலிடா என்று சொல்லிவிடலாம். நடு ஐரோப்பாவின் கிழக்குப் பகுதியிலிருந்து பால்கன் நாடுகள் வழியாகத் துருக்கி வரை வறண்ட சரிவுகளிலும் சாலையோரங்களிலும் தானாக வளரும் செடி அது. விதைப் பரிமாற்றங்களில் "காட்டு" என்ற அடைமொழியோடு அது சுற்றுவதில் வியப்பில்லை. பூவே இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது கனி வரும்வரை காத்திருப்பது எதற்கு?

தளிர்மேடை:

இருவருக்கும் நன்றி. இன்று காலை அப்போதுதான் விரிந்த பூவையும் முந்தைய நாள் விரிந்த பூவையும் பறித்துப் பார்த்தேன்.

புறப்புல்லித் துண்டுகள் ஏழு, அடியில் இணைந்தவை. துண்டுகளின் நுனி ஏறக்குறையப் புல்லிகளின் நுனி வரை வந்துவிடுகிறது. இதழின் நீளம் 4 செ.மீ. மகரந்தக் குழலை லென்ஸின் கீழ் உருட்டிப் பார்த்தபோது விளிம்புகள் தெரிந்தன. மயிர் எதுவும் இல்லை. மகரந்தப்பைகள் வெளிர்மஞ்சள். தண்டின் மேற்பகுதி, இலைக்காம்பு, புல்லிவட்டம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே புள்ளியிலிருந்து பல திசைகளில் கிளைக்கும் மயிர்கள் அடர்ந்து, சாம்பல் நிறப் போர்வையாகத் தெரிகின்றன. நீண்ட முரட்டு முள்மயிர்கள் இல்லை. பழைய பூவில் மகரந்தம் எல்லாம் தீர்ந்து, குழலின் உச்சியிலிருந்து மெல்லிய இழைகள் நிறைய வெளியே வந்து பரவியிருந்தன. முதல் நாள் பூவில் அவை கண்ணுக்குத் தென்படவே இல்லை.

நுண்ணாடி:

அருமையான பதிவு, அல்தியா என்ற ஐயம் இத்துடன் நீங்கியது. பழைய பூவில் நீங்கள் பார்த்த இழைகள் சூல்தண்டுகள், அதாவது பூவின் பெண்பகுதி. ஹாலிஹாக் பூவில் மகரந்தம் முதலில் முதிர்ந்து உதிரும், அதன் பிறகுதான் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடிகள் வெளிவந்து விரியும். ஒரே பூ முதலில் ஆணாகவும் பின்னர் பெண்ணாகவும் செயல்படுகிறது என்று சொல்லலாம். தோட்டத்தில் கலப்பினங்கள் எளிதாக உருவாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆற்றங்கரை அவர்களின் முடிவோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. அந்த முடிவுக்கு அவர் வந்த வழியோடுதான் வேறுபடுகிறேன். இந்தப் பேரினத்தில் நம்பத் தகாத பண்பு ஒன்று உண்டென்றால் அது பூவின் நிறம். தோட்ட ஹாலிஹாக்கான அல்சியா ரோசியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையிலிருந்து கருஞ்சிவப்பு வரை எல்லா நிறங்களும் அதில் வருகின்றன. அதன் காட்டு மூலம் எது என்பதே தெளிவாக இல்லை. சீனாவிலிருந்து வந்தது என்று பழைய நூல்கள் எழுதின, மேற்கு ஆசியாவில் சாகுபடியில் உருவானதாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். அத்துடன் மஞ்சள் பூக்கும் அல்சியா ருகோசாவும் பல தோட்டங்களில் இருக்கிறது. இரண்டும் அருகருகே வளர்ந்து தேனீக்கள் இடையில் புகுந்துவிட்டால், அடியில் மஞ்சள் ஓடிய வெளிறிய இளஞ்சிவப்புப் பூ கலப்புச் சந்ததியிலும் வரக்கூடும். நிறத்தை மட்டும் வைத்து அதற்குப் பாலிடா என்று பெயர் சூட்டிவிட முடியாது.

பாலிடாவின் பக்கம் என்னைச் சாய வைப்பவை தளிர்மேடை பிறகு எழுதிய இரண்டு பண்புகள். புறப்புல்லி புல்லிவட்டத்துக்கு ஏறக்குறைய இணையான நீளம் கொண்டது என்பது ஒன்று. ரோசியாவில் அது தெளிவாகக் குட்டையாக இருக்கும். செடி முழுவதையும் மூடிய நட்சத்திர மயிர்ப் போர்வை மற்றொன்று. ரோசியாவின் முதிர்ந்த தண்டில் மயிர் பெரும்பாலும் உதிர்ந்து போயிருக்கும். முள்மயிர் இல்லை என்பதால் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியின் அல்சியா செட்டோசாவும் விலகுகிறது; அதன் தண்டில் நீண்ட முரட்டு மயிர்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

ஆற்றங்கரை:

உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதழ்களின் இடைவெளியும் நுனி வெட்டும் நிறத்தைப் போல் மாறிக்கொண்டிருப்பவை அல்லவே. தோட்ட ஹாலிஹாக்கின் ஒற்றையடுக்குப் பூவில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து முழுத் தட்டாக இருக்கும். இதழ்களுக்கு இடையே பச்சைப் புல்லி தெரிகிறது என்றால் அதையும் ஒரு சான்றாகக் கொள்ளத்தானே வேண்டும்?

நுண்ணாடி:

நிச்சயமாக. இதழ் இடைவெளியை நான் தள்ளவில்லை, நிறத்தைத்தான் தள்ளுகிறேன். ஆனால் வாடத் தொடங்கிய பூவிலும், நீர் போதாமல் சோர்ந்த செடியிலும் இதழ்கள் சுருங்கி இடைவெளி செயற்கையாகத் தோன்றும் என்பதால், காலையில் புதிதாக விரிந்த பூவில் மட்டுமே அதைப் பார்க்க வேண்டும்.

புதுவேலி:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் படித்தபின் எனக்கும் காட்டுச் சிற்றினம் ஒன்றை வளர்த்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் வளர்த்த தோட்ட ஹாலிஹாக் ஒவ்வொன்றும் அடி இலைகளில் துரு நோய் கண்டு, பூக்கும்போது கீழ்ப்பாதி முழுவதும் காய்ந்து நின்றது. காட்டு வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லையா? விதைப்பு முறையிலும் வேறுபாடு உண்டா?

விதைப்பேழை:

விதைப்பிலிருந்தே தொடங்குகிறேன். பொட்டலத்தில் வரும் தட்டையான வட்டத் துண்டு உண்மையில் விதை அல்ல, விதையை உள்ளே வைத்திருக்கும் கனிக்கூறு. உள்ளிருக்கும் விதையின் உறை நீரை உள்ளே விடாத அளவுக்குக் கடினமானது. இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கும் உள்ள இயல்பு இது. புதிதாக உதிர்ந்த விதைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் முளைத்துவிடும். காய்ந்து பழகிய விதைகளில் சில உடனே முளைக்கும், சில மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். காட்டு வகைகளில் இந்தச் சீரின்மை இன்னும் கூடுதல். மேலுறையை உரித்து எடுத்து, விதையின் முதுகை மணல்தாளில் ஒன்றிரண்டு முறை மட்டும் தேய்த்து, இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டால், உப்பிய விதைகளையும் உப்பாதவற்றையும் காலையில் பிரித்துவிடலாம். உப்பாதவற்றை மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு செ.மீ.க்கு மேல் ஆழமாக ஊன்ற வேண்டாம்.

முளைத்ததும் வருபவை இதய வடிவ வித்திலைகள். அவை விரிந்து முடிவதற்குள்ளேயே ஆணிவேர் கீழே வெகுதூரம் போயிருக்கும். ஆகவே ஆழமில்லாத தட்டில் விதைத்துப் பிறகு பிரித்து நடுவது இந்தச் செடிக்கு ஒத்துவராது. நிலத்தில் நேரடியாக விதைப்பது நல்லது. முடியாவிட்டால் உயரமான குறுகிய கலத்தில் ஒவ்வொன்றாக விதைத்து, மண்கட்டி உடையாமல் இளம்பருவத்திலேயே நட்டுவிட வேண்டும். செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. இடைவெளி விடுங்கள். பெரும்பாலான வகைகள் முதல் ஆண்டில் இலைக்கொத்தாக இருந்து, குளிரைக் கடந்த பின்பே தண்டு நீட்டுகின்றன. குளிர் போதாத இடங்களில் கொத்து வளர்ந்துகொண்டே இருக்கும், பூ வராமலும் போகலாம். முதல் ஆண்டே பூக்கும் தோட்ட வகைகள் அதற்கென்றே தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டவை.

இடத்தைப் பொறுத்தவரை, அல்சியாவின் காட்டுச் சிற்றினங்கள் மிகுதியாக உள்ள ஈரானையும் துருக்கியையும் நினைத்துக்கொள்ளுங்கள். வறண்ட கோடை, கல் கலந்த மண், முழு வெயில் ஆகியவற்றுக்குப் பழகிய செடிகள் இவை. தொழுவுரத்தை அள்ளிப்போட்டால் தண்டு கொழுத்துச் சாயும், இலை மென்மையாகி நோய்க்கு இடம் கொடுக்கும். குளிர்காலத்தில் வேர்த்தலையை, அதாவது தண்டும் வேரும் சேரும் இடத்தை, சுற்றி நீர் தேங்குவதுதான் இவற்றைக் கொல்வது. குளிர் அவ்வளவாகக் கொல்வதில்லை. கனமான களிமண் என்றால் மேட்டுப் பாத்தி அமைத்து, வேர்த்தலையைச் சுற்றிப் பொடிக்கற்களைப் பரப்புங்கள்.

துருவைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன். அது தனிக் கதை.

விதைப்பேழை:

ஹாலிஹாக் துருவுக்குக் காரணமான பூஞ்சை பக்சீனியா மால்வசியாரம். சிலி நாட்டில் சேகரித்த மாதிரிகளை வைத்து 1852இல் விவரிக்கப்பட்டது. 1869இல் ஸ்பெயினிலும் 1873இல் இங்கிலாந்திலும் கண்டறியப்பட்டது. ஹாலிஹாக் பேரினம் பழைய உலகத்துக்கு உரியது, நோயோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது; செடிகள் இதற்கு இவ்வளவு எளிதில் மடிவதற்கு அந்த வரலாறும் ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

கோதுமைத் துரு தன் வாழ்க்கைச் சுழற்சியை முடிக்கத் தொடர்பில்லாத இன்னொரு செடியையும் நாடும். இந்தத் துருவுக்கு அப்படி ஒன்று தேவையில்லை. முழுச் சுழற்சியையும் மால்வேசி குடும்பத்துச் செடிகளிலேயே முடித்துக்கொள்கிறது. இலையின் மேற்புறத்தில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறப் புள்ளி தெரியும். அதே இடத்தில் இலையைத் திருப்பினால், குண்டூசித் தலையளவு மேடு ஒன்று முதலில் வெளிறியும் பின்னர் செம்பழுப்பாகவும் புடைத்து நிற்பதைக் காணலாம். அந்த மேட்டிலுள்ள பூஞ்சை வித்துகள் ஈரம் கிடைத்ததும் அங்கேயே முளைத்து நுண்ணிய இரண்டாம் தலைமுறை வித்துகளை வெளியிடும். அவை காற்றிலும் நீர்த்தெறிப்பிலும் அடுத்த இலைக்குச் செல்லும். அடி இலையில் தொடங்கி மேலேறுவது இதனால்தான்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. குளிர்காலத்தைக் கடந்து நிற்கும் பழைய அடி இலைகளை, புள்ளி தெரிகிறதோ இல்லையோ, இளவேனில் தொடக்கத்தில் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். வேலியோரத்தில் களையாக வளரும் மால்வா செடிகளை விட்டுவைக்காதீர்கள். நோய் அவற்றில் தங்கியிருந்து மறுபடி வரும். தண்ணீரைத் தரைமட்டத்தில் ஊற்றுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள். பூஞ்சைக்கொல்லி நோய் தொற்றுவதற்கு முன்பு இலையைக் காக்குமே தவிர, மேடு புடைத்துவிட்ட இலையை மீட்காது.

காட்டு வகைகளுக்குத் துரு வராது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ருகோசாவும், அத்தி இலை வடிவம் கொண்ட ஃபிசிஃபோலியாவும் தோட்ட வகைகளைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன, ஆண்டுகள் சிலவும் கூடுதலாக வாழ்கின்றன. நோய் அவற்றுக்கும் வருகிறது. செடி சோர்ந்துவிடுவதில்லை என்பதே வேறுபாடு.

புதுவேலி:

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி. அடி இலைகளைக் கிள்ளுவதை நான் இதுவரை செய்ததே இல்லை. இந்த ஆண்டு ருகோசாவில் தொடங்குகிறேன்.

தளிர்மேடை:

கனி முதிர்ந்துவிட்டது, பார்த்ததை எழுதுகிறேன். புல்லிகள் மூடியிருந்த பொதியைப் பிரித்தால் உள்ளே கனிக்கூறுகள் நடு அச்சைச் சுற்றி, அடுக்கி வைத்த நாணயங்கள் வட்டமாகச் சாய்ந்தது போல் நிற்கின்றன. ஒரு கனியில் முப்பதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றின் வெளிவிளிம்பிலும் இரு பக்கமும் மெல்லிய, குறுகிய இறகு. இரண்டு இறகுகளுக்கும் நடுவே முதுகில் ஒரு பள்ளம். ஒன்றை நகத்தால் பிளந்தபோது உள்ளே முழுமையற்ற தடுப்பு ஒன்று தெரிந்தது. கீழறையில் விதை, மேலறை வெறுமை.

கவலை தரும் செய்தியும் உண்டு. பல கனிக்கூறுகளில் வட்டமான சிறு துளை இருக்கிறது, உள்ளே விதை இல்லை. கருஞ்சாம்பல் நிறத்தில், ஆரஞ்சு நிறக் கால்களும் மிக நீண்ட மூக்கும் கொண்ட சிறு வண்டுகள் மொட்டுகளின் மீது உட்கார்ந்திருப்பதை முன்பே பார்த்திருந்தேன், அப்போது பொருட்படுத்தவில்லை.

நுண்ணாடி:

வெறுமையான மேலறைதான் நான் காத்திருந்த பண்பு. அல்தியாவின் கனிக்கூறில் ஒரே அறைதான் உண்டு. பேரினம் அல்சியா என்பதில் இனி யாருக்கும் ஐயம் வேண்டாம்.

சிற்றினத்துக்கு வருவோம். இறகின் அகலம், முதுகுப் பள்ளம், பக்கங்களில் உள்ள மயிர், வரிகள் ஆகியவற்றை வைத்துத்தான் மேற்கு ஆசியத் தாவர நூல்கள் இந்தப் பேரினத்தைப் பிரிக்கின்றன. துருக்கியில் இறகே இல்லாத கனி கொண்ட அப்டெரோகார்ப்பா என்ற சிற்றினமும் உண்டு. உங்கள் கனியில் இறகு இருப்பதால் அது விலகுகிறது. ஆனால் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ள ஒரு பேரினத்தில், சேகரித்த இடம் தெரியாத விதையிலிருந்து வந்த செடியை, உலர்தாவரத் தொகுப்பில் உள்ள மாதிரியோடு ஒப்பிடாமல் முற்றிலும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. புறப்புல்லியின் நீளம், மயிர்ப் போர்வை, இதழ் இடைவெளி, நுனி வெட்டு ஆகிய நான்கும் ஒரே பக்கம் காட்டுவதால், பெயர்ப்பட்டையில் "அல்சியா பாலிடா, ஒப்பிடத்தக்கது" என்று எழுதுங்கள். தாவரவியலார் ஐயமுள்ள மாதிரிகளுக்கு இப்படித்தான் எழுதுவது வழக்கம். மேற்பகுதித் தண்டு, அடி இலை, பூ, முதிர்ந்த கனி நான்கையும் செய்தித்தாளுக்கு இடையில் அழுத்தி உலர்த்தி வையுங்கள். அடி இலை பூக்கும் காலத்தில் பெரும்பாலும் வாடிப்போய்விடும் என்பதால் அடுத்த தலைமுறைச் செடியிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.

ஆற்றங்கரை:

"ஒப்பிடத்தக்கது" என்ற ஒட்டு எனக்குத் தேவையற்றதாகவே படுகிறது. ஆனால் விதையை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது அந்தச் சொல் இருப்பது நேர்மையானது என்பதை ஏற்கிறேன். பொட்டலத்தில் உறுதியான பெயரோடு கைமாறும் தவறு, திருத்தப்படாமல் பல தோட்டங்களுக்குப் போய்விடும்.

தளிர்மேடை:

அப்படியே எழுதிவிடுகிறேன். ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. அடுத்த வேலியில் சிவப்பு நிறத் தோட்ட ஹாலிஹாக்குகள் வரிசையாக நிற்கின்றன. கலப்பில்லாத விதையை நான் எப்படி எடுப்பது? வண்டையும் எப்படிச் சமாளிப்பது?

விதைப்பேழை:

நீங்கள் பார்த்தது ஹாலிஹாக் கூன்வண்டு. பெண் வண்டு அந்த நீண்ட மூக்கால் மொட்டைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளே விதையைத் தின்று வளர்ந்து, வண்டாகித் துளையிட்டு வெளியேறும். ஆகையால் இரண்டு கேள்விக்கும் பாதி விடை ஒன்றே: மெல்லிய, நெருக்கமாக நெய்த துணிப்பையை மொட்டுகள் சிறிதாக இருக்கும்போதே பூத்தண்டின் ஒரு பகுதிக்குக் கட்டிவிடுங்கள். கட்டுவதற்கு முன் ஏற்கெனவே வண்டு அமர்ந்திருந்தால் ஒரு தட்டை அடியில் பிடித்துத் தண்டைத் தட்டினால் விழுந்துவிடும். காலைக் குளிரில் அவை மந்தமாக இருக்கும்.

பைக்குள் தேனீ வராது என்பதால் மகரந்தச் சேர்க்கையை நீங்களே செய்ய வேண்டும். இதற்கு இரண்டு செடிகளில் பை கட்டியிருப்பது நல்லது. ஒரு செடியில் அன்று விரிந்த பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடித்துப் பிடித்துக்கொண்டு, மகரந்தம் நிறைந்த குழலை மற்றச் செடியின் பழைய பூவில் விரிந்து நிற்கும் சூல்முடிகளின் மீது மெதுவாகத் தடவுங்கள். ஹாலிஹாக்கின் மகரந்தத் துகள் பெரியது, முட்கள் கொண்டது. சூல்முடியில் ஒட்டியிருப்பது லென்ஸில் தெரியும், அதனால் வேலை முடிந்ததா என்று அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம். தூரிகை வேண்டியதில்லை, துகள்கள் அதன் இழைகளில் தங்கி, அடுத்து தொடும் பூவுக்கும் போய்ச் சேரும்.

சேர்க்கை செய்த பூவின் காம்பில் வண்ண நூல் கட்டிவிட்டுப் பையை உடனே மூடுங்கள். இதழ் உதிர்ந்து புல்லிகள் கனியின் மேல் மூடிக்கொண்ட பின் பையைக் கழற்றிவிடலாம். புல்லிகள் பழுத்துப் பிரியத் தொடங்கும்போது கனியைக் காம்போடு பறித்து, உள்ளே கனிக்கூறுகள் உதிர்ந்து விழும்வரை காகித உறையில் காயவையுங்கள். துளையுள்ளவற்றையும், விரல்களுக்கு இடையே அழுத்தினால் நசுங்கிவிடுபவற்றையும் அகற்றிவிட்டு மீதியைச் சேமியுங்கள். புல்லித் துண்டுகளில் துருப் புள்ளி இருக்கக்கூடும் என்பதால் அவற்றை விதையோடு சேர்த்து வைக்காமல் நீக்கிவிடுங்கள். உறையின் மேல் தாய்ச்செடி எது, தந்தைச்செடி எது, எந்த ஆண்டு என்ற மூன்றையும் எழுதி, விதை கேட்பவர்களுக்கு அந்தக் குறிப்போடு சேர்த்தே கொடுங்கள். எனக்கும் ஒரு உறை எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.